ஐம்பத்தாறு கால்கள்

அத்தியாயம் 11: ஆணியில் தொங்காத எலாஸ்டிக்

மூட்டைகள் விமானக் கிடங்குக்குப் போய்விட்டன. சென்ற வாரம் ஹார்லன் வீட்டில் கொண்டாடப்பட்ட ஒரே நல்ல செய்தி அதுதான்.

வழியில் ஒன்பது தங்கல்கள், அவற்றுக்கு ஒன்பது மூட்டைகள். ஒவ்வொன்றிலும் உறைந்த சால்மன், கொழுப்புக் கட்டி, ரோவீனாவுக்கு மாற்று உள்ளுடைகள், அப்புறம் நூற்றைம்பதுக்குக் குறையாத நாய்க் காலுறைகள். மொத்தம் ஆயிரத்து நானூறு. ஹார்லனின் மனைவி டெல்மா இரண்டரை மாதம் மெஷின் முன்னால் குனிந்து தைத்தவை. ஹார்லன் யாரிடம் பேசினாலும் "நாங்க தைச்சோம்" என்பார். அவருடைய பங்கு, அடுத்த அறையிலிருந்து "முடிஞ்சுதா?" என்று கேட்டது.

உறைந்த ஆற்றின் மேல் ஓடும் நாய்வண்டிப் பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பதினொரு தடவை அதில் ஓடிய ஹார்லன் இந்த வருஷம் ஓடவில்லை. "காட்டு மூஸ் மானோட நேருக்கு நேர் மோதல்" என்று பத்திரிகைக்காரர்களிடம் முழங்காலைக் காட்டுவார். மோதல் நடந்தது வீட்டுக்குப் பின்னால், கழிப்பறைக்குப் போகும் பாதையில். மூஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. ஆகவே மகள் ரோவீனா, இருபத்திமூன்று வயது, முதல் தடவையாகப் பதினாலு நாய்களைப் பூட்டிக்கொண்டு தொள்ளாயிரம் மைல் போகிறாள்.

நாய்களின் பெயர்கள் செனட்டர், கவர்னர், ஜெனரல், பிஷப் என்று போகும். வைத்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஓடி வழிகாட்டும் பெட்டை நாய்க்கு மட்டும் ஸ்பூன் என்று பெயர். அது குட்டியாக இருந்தபோது ஸ்பூனால் பால் ஊட்டியவள் டெல்மா.

திங்கட்கிழமை காலை, அலாஸ்காவின் இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக மைனஸ் நாற்பத்துநாலு. இருபது மைல் பயிற்சி ஓட்டம் போய்விட்டு ரோவீனா திரும்பி வந்தாள். வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டு டெல்மா வெளியே வந்தாள்.

ஸ்பூன் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. விரல்களுக்கு நடுவே ரத்தம்.

"அம்மா, ஐம்பத்தாறு காலுறையோட போனேன்." ரோவீனாவின் கண் இமைகளில் பனி. "பதினொண்ணோட வந்திருக்கேன்."

"மீதி?"

"வழியெல்லாம் கிடக்கு. ஒரு மைல் போறதுக்குள்ள ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு விழுது. நின்னு நின்னு மாட்டினேன். மாட்டினா மறுபடி விழுது."

டெல்மா குனிந்து, ஜெனரலின் பின்னங்காலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றினாள். துணியில் குறையில்லை. தையலில் குறையில்லை. கணுக்காலைச் சுற்றிப் பிடிக்கிற எலாஸ்டிக்கை இரண்டு விரலால் இழுத்தாள்.

நீண்டது. நீண்ட இடத்திலேயே நின்றது, அரசாங்க அலுவலகத்துக்குப் போன மனு மாதிரி.

திரும்பி வாசல் ஆணியைப் பார்த்தாள். அதில் எதுவும் தொங்கவில்லை.

இந்த ஆற்றங்கரையில் தைக்கிற எந்தப் பெண்ணும், புது எலாஸ்டிக் சுருளில் கத்திரி வைக்குமுன் ஒரு சாண் வெட்டி வாசல் ஆணியில் தொங்கவிடுவாள். நல்ல குளிர் ஓர் இரவு அதன் மேல் விழ வேண்டும். காலையில் வெறுங்கையால் இழுத்துப் பார்ப்பாள். சுருங்கினால் தைப்பாள். சுருங்காவிட்டால் அந்தச் சுருள், பாவாடைக்கும் திரைச்சீலைக்கும் போகும். குடிகாரன் பெண்டாட்டிகூட இதில் தவறமாட்டாள்.

டெல்மா தவறியிருந்தாள்.

அந்தச் சுருள் சாதாரணமாக வரவில்லை. நகரத்து மெத்தைக் கம்பெனியின் சார்பில் மிஸ்டர் பிராட்வெல் நவம்பரில் நேரில் கொண்டுவந்தார். பளீரென்ற ஆரஞ்சு நிறம். நீளம் பூராவும் 'நிம்மதியாகத் தூங்குங்கள்' என்று கம்பெனியின் வாசகம். ஓடுகிற நாயின் காலில் இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஹார்லன் சுருளை மார்போடு அணைத்தபடி படம் எடுத்துக்கொண்டார். டெல்மா வழக்கப்படி ஒரு சாண் வெட்டி ஆணியை நோக்கி நடந்தபோது, ஹார்லன் காதோடு சொன்னார்: "குடுத்தவர் கண்ணெதிர்லயேவா சோதிச்சுப் பாப்ப? அவர் என்ன நினைப்பாரு?"

டெல்மா அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். தினமும் ஞாபகம் வந்தது. வெளியே குளிர் போதாது, நல்ல குளிர் வரட்டும், நாளைக்குத் தொங்கவிடலாம் என்று தினமும் தனக்கே சொல்லிக்கொண்டு தினமும் இருபது காலுறை தைத்தாள். இந்த வருஷக் குளிரோ வெட்கமில்லாமல் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. இன்றுதான் எழுந்து நின்றது.

மூட்டைகள் கிடங்கில் இருந்தன. மதியம் ஒரு மணிக்கு விமானம்.

---

சமையலறையில் ஹார்லன், அட்டை போல் விறைத்த ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ரொட்டி டோஸ்டரின் பளபளப்பில் முகம் பார்த்துப் பேச்சு ஒத்திகை செய்துகொண்டிருந்தார். பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் விழா. மெத்தைக் கம்பெனியின் செலவில் காபி, கேக். ஆற்றங்கரை முழுக்கக் கேட்கிற ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு.

"...வடதிசையின் கடுங்குளிரில் புடம்போட்ட பரம்பரை..." என்றவர், டெல்மா மேஜையில் வைத்த காலுறையைப் பார்த்தார். "என்ன இது?"

"எலாஸ்டிக் செத்துப்போச்சு, ஹார்லன்."

"செத்துப்போச்சுன்னா?"

"இழுத்துப் பாரு."

ஹார்லன் இழுத்தார். அதற்குள் அடுப்புச் சூட்டில் அது உயிர் பெற்றிருந்தது. சடக்கென்று சுருங்கியது.

"நல்லாத்தானே இருக்கு!"

"இங்க நல்லா இருக்கும். அது படுக்கை விரிப்போட மூலையில தைக்கிற எலாஸ்டிக். படுக்கையறையில நல்லாத்தான் இருக்கும். வெளிய எடுத்துட்டு வா, காட்டறேன்."

"இப்ப நான் பேச்சுக்குத் தயார் பண்ணிட்டிருக்கேன்."

ரோவீனா அடுப்பருகே நின்று கையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். "நாப்பத்தஞ்சு காலுறை விழுந்துருச்சுப்பா."

"மாட்டத் தெரியணும். நான் ஓடின காலத்துல ஒண்ணாவது விழுந்திருக்கா? நாய் காலை உதறுச்சுன்னா விழும். செனட்டர் எப்பவும் உதறுவான். அது எலாஸ்டிக் தப்பில்ல, செனட்டர் தப்பு."

"பதினாலு நாயும் செனட்டர் இல்லப்பா."

ஹார்லன் ஒரு கடின பிஸ்கட்டை எடுத்து வெண்ணெய் தடவினார். தர்க்கத்தில் தோற்கும்போதெல்லாம் அவருக்குப் பசிக்கும்.

"சரி, அப்படியே இருக்கட்டும்," என்றார் மென்றுகொண்டே. "டேப் எதுக்கு இருக்கு? அந்தக் காலத்துல எல்லாரும் டேப்தான். காலுறைய மாட்டு, மேல ஒரு சுத்து, முடிஞ்சுது."

"நான் டேப் சுத்திக்கறேம்மா," என்றாள் ரோவீனா சீக்கிரமாக. வீட்டில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டவள். "பரவால்ல. பழகிருவேன்."

டெல்மா புருஷனுடைய இடது கையைப் பார்த்தாள். பிஸ்கட்டைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல்கள் முதல் கணுவோடு முடிந்திருந்தன. பனிப்புயலில் ஒரு நாயைக் காப்பாற்றப்போய் இழந்தவை என்று பேப்பரில் வந்திருக்கிறது. உண்மையில் டேப். கையுறையோடு டேப் சுற்ற முடியாது. ஐம்பத்தாறு கால், வெறுங்கை, மைனஸ் நாற்பது. தங்கலுக்குத் தங்கல் கழற்றிச் சுற்றிக் கழற்றிச் சுற்றி. கொஞ்சம் இறுக்கிவிட்டால் நாய்க்குக் கால் வீங்கும். கொஞ்சம் தளர்த்தினால் உருவிக்கொள்ளும்.

"எத்தனை விரலோட திரும்பி வருவ?" என்று கேட்டாள் மகளிடம்.

ஹார்லன் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார்.

"மூட்டைய நிறுத்தணும், ஹார்லன்."

"நிறுத்தி? மிஸ்டர் பிராட்வெல் கிட்ட என்னன்னு சொல்றது? உங்க எலாஸ்டிக்க நாய்கூட மதிக்கலன்னா?" அவர் எழுந்து ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரோவீனா, நாய்ங்கள ஏத்து. வீட்டுல மிச்சமிருக்கற காலுறையில நல்லதா பாத்து மாட்டு. ஆரஞ்சு தெரியணும், படத்துக்கு."

---

டெல்மா பனிவண்டியைக் கிளப்பி விமான ஓடுதளத்துக் கிடங்குக்குப் போனாள். அவள் போகவே விரும்பாத இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

கிடங்கின் பொறுப்பு, ஹார்லனின் தங்கை பெர்னிஸிடம். பந்தயக் கமிட்டி கொடுத்த அட்டை கழுத்தில், விசில் ஒன்று, கையில் பட்டியல். நாத்தனாரும் அண்ணியும் பேசி பதினொரு மாதம் ஆகிறது. போன வருஷம் ஓடிய காலுறைகளில் பாதி பெர்னிஸ் தைத்தவை. பேப்பரிலோ 'ஒவ்வொரு தையலும் என் மனைவியின் கைப்பட' என்று ஹார்லன் சொன்னதாக வந்தது. அதோடு பெர்னிஸ் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஹார்லனும் அவள் பெயரை வாயில் எடுப்பதில்லை. தேவைப்பட்டால் 'கிடங்கு' என்பார்.

"எந்த நாய்ப்பட்டி?" என்று கேட்டாள் பெர்னிஸ், பட்டியலிலிருந்து தலை தூக்காமல்.

"பெர்னிஸ்..."

"எந்த நாய்ப்பட்டின்னு கேட்டேன்."

"ஹார்லன் நாய்ப்பட்டி," என்றாள் டெல்மா.

"எண் இருபத்தொண்ணு. ஒன்பது மூட்டை. சீல் வெச்சாச்சு. ஒரு மணிக்கு ஏத்தறோம். வேறென்ன?"

"காலுறைய எடுக்கணும். எலாஸ்டிக் குளிர் தாங்கல."

பெர்னிஸ் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். தைக்கிறவளின் கண் அது. அட்டையையும் விசிலையும் கடந்து ஒரு கணம் வெளியே வந்தது.

"ஆணியில போடலயா?"

டெல்மா தலையாட்டினாள். இல்லை.

"நீங்களா? ஆணியில போடாம?"

"ஆமா."

பெர்னிஸ் சிரிப்பாள் என்று டெல்மா எதிர்பார்த்தாள். சிரித்திருந்தால் தேவலை.

"சீல் வெச்ச மூட்டைய நான் திறக்க முடியாது. நீங்க சொன்னாலும் முடியாது, ரோவீனா சொன்னாலும் முடியாது." மேஜையிலிருந்த விதிப் புத்தகத்தைத் திறந்து விரலால் தடவினாள். "விதி இருபத்திரண்டு. மூட்டையில நாய்க்குக் கெடுதலான பொருள் இருக்குன்னு நாய்ப்பட்டித் தலைவர் தன் வாயால சொல்லணும். அதிகாரி தன் காதால கேக்கணும். அப்ப திறக்கலாம். திறந்த மூட்டை, சரி பண்ணி, வியாழக்கிழமை தபால் விமானத்துல போகலாம். திறக்காதது இப்பவே போகுது."

"தலைவர்னா?"

"விண்ணப்பப் பாரத்துல யார் பேரு இருக்கோ அவரு. 'தலைவர்'னு தனியா ஒரு கட்டம் வேணும்னு அடம்பிடிச்சு கமிட்டிகிட்ட போட வெச்சதே எங்க அண்ணன்தான். மத்த முப்பது பட்டிக்கும் ஓடறவங்கதான் பொறுப்பு. இங்க மட்டும் தலைவர்."

"அவன் சொல்ல மாட்டான், பெர்னிஸ்."

"தெரியும். அவன்கூடப் பொறந்தவ நான்."

ஜன்னலோரத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது நின்று, கைதட்டல் கேட்டது. அப்புறம் ஹார்லனின் குரல், வீட்டில் கேட்பதைவிட ஒரு சுற்றுப் பெருத்து.

"...ஏன் சொல்றேன்னா, இந்த எலாஸ்டிக்க எங்க வீட்டு ஆணியில, மைனஸ் நாப்பதுல, ஒரு ராத்திரி இல்ல, மூணு ராத்திரி தொங்கவிட்டோம். காலைல என் மனைவி இழுத்துப் பாத்தா. நான் பக்கத்துல நின்னேன். அப்படியே சிங்கக்குட்டி மாதிரி திமிறுச்சு..."

பெர்னிஸ் டெல்மாவைப் பார்த்தாள். டெல்மா தரையைப் பார்த்தாள்.

"போன வருஷமும் இப்படித்தான்," என்றாள் பெர்னிஸ் மெதுவாக. "எழுநூறு தைச்சேன். கண்ணு போச்சு. நீங்க அந்தப் பேப்பர ஃப்ரேம் போட்டு மாட்டினீங்க, அண்ணி."

'அண்ணி' என்ற வார்த்தை தன்னை மீறி வந்துவிட்டதில் அவளுக்கே எரிச்சல்.

"மாட்டினது அவன்."

"ஆணி அடிச்சது யாரு?"

ஆணி அடித்தது டெல்மாதான். ஹார்லன் அடித்தால் கோணலாகிவிடும் என்று தானே வாங்கி நேராக அடித்தாள். கொஞ்சம் தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள்.

"உன் தையல்னு எனக்குத் தெரியும். நான் வாயத் திறக்கல," என்றாள். "தப்புதான்."

"இன்னிக்குத் தேவை வந்ததும் திறந்துச்சாக்கும்."

"ஆமா. தேவை வந்ததும்தான் திறந்துச்சு. வேற என்ன சொல்லச் சொல்ற? எனக்கு வெட்கமில்ல இப்ப. வெட்கப்படறதுக்கு நேரமில்ல."

ரேடியோவில் இப்போது ரோவீனா. யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரே எடை. "என் நாய்கள் ஓடட்டும். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்." கைதட்டல்.

டெல்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் காலையில் ரத்தம் சொட்டும் ஸ்பூனோடு வாசலில் நின்றவள். பொய் என்று தெரிந்தே, வாத்தியார் முன்னால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறாள். யாரிடமிருந்து கற்றாள் என்று டெல்மா யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அவன் ரேடியோவுல சொன்னா?" என்று கேட்டாள் திடீரென்று.

"என்ன?"

"தலைவர் தன் வாயால, அதிகாரி தன் காதால. ரேடியோவுல சொல்லி, நீ இங்க இருந்து கேட்டா செல்லுமா?"

பெர்னிஸ் விதி இருபத்திரண்டை மறுபடி படித்தாள். விதி என்று வந்துவிட்டால் அவள் தாட்சண்யம் பார்க்கமாட்டாள், தனக்கேகூட.

"காதுன்னு போட்டிருக்கு. எது வழியான்னு போடல," என்றாள் கடைசியில். "செல்லும்."

டெல்மா கதவுக்கு ஓடினாள்.

"அண்ணி!" பெர்னிஸ் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இதையும் வெச்சுக்கங்க. விலகல் பாரம். ரோவீனா கையெழுத்துப் போட்டுட்டா எல்லா மூட்டையும் நின்னுரும். அடுத்த வருஷம் ஓடட்டும். விரலோட."

---

விளையாட்டுக் கூடத்தில் எழுபது பேர். மெத்தைக் கம்பெனி கேக்கை இரண்டாம் தடவையும் வாங்கியவர்கள் பாதிப்பேர். நடுவில், குத்துச்சண்டை பழகுகிற பாயின் மேல், பதினாலு நாய்களும் ஆரஞ்சுக் காலுறையோடு படுத்திருந்தன. கவர்னர் தன்னுடையதைக் கடித்துக்கொண்டிருந்தது. பிஷப் வாசகத்துக்குக் கீழ்ப்படிந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்பூன் மட்டும் காயம்பட்ட காலை நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் படமெடுக்கிறவர்கள் கவனமாகத் தவிர்த்தார்கள்.

மிஸ்டர் பிராட்வெல் மெல்லிய தோல் ஷூவில், நகரத்தான் சிரிப்போடு, ஒரு காலுறையின் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட்டார். சடக். சடக். சூடான கூடத்தில் அது அற்புதமாகச் சுருங்கியது. கூட்டம் கைதட்டியது. தைக்கத் தெரிந்த பெண்கள் நாலைந்து பேர் மட்டும் தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணி பன்னிரண்டு ஐம்பது.

டெல்மா ஹார்லனின் கையைப் பிடித்துக் கூடைப்பந்துக் கம்பத்துக்குப் பின்னால் இழுத்தாள்.

"மைக்ல போய்ச் சொல்லு. எலாஸ்டிக் கெடுதல்னு. ஒரே வாக்கியம். பெர்னிஸ் கிடங்குல கேட்டுட்டிருக்கா. கேட்டதும் சீல உடைப்பா."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"பத்து நிமிஷம் இருக்கு."

"இப்பத்தான் மூணு ராத்திரி தொங்கவிட்டோம்னு சொல்லியிருக்கேன்!"

"கேட்டேன்."

"ஊர் பூரா கேட்டிருக்கு!" அவர் குரல் கிசுகிசுப்பிலேயே கிறீச்சிட்டது. பிறகு, அவளே எதிர்பாராத விதமாக, இறங்கியது. "டெல்மா. பதினொரு தடவை ஓடினேன். எல்லாத்துலயும் நல்ல எடம் பத்தொன்பதாவது. ஒருத்தன் என்னைத் தேடி வந்ததில்ல. இவன்தான் முதல்முதலா வந்தான். என் பேரை மெத்தை மேல போடறேன்னு சொல்லியிருக்கான்."

"எதுக்கு?"

"ஹார்லன் மாடல்."

வேறு ஒரு நாளாக இருந்தால் டெல்மா ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பாள்.

"உன் பேரு மெத்தையில இருக்கட்டும்," என்றாள். "பொண்ணு பனியில கிடப்பா. தங்கல் தங்கலா உட்காந்து கையால டேப் சுத்துவா. அவ வந்ததும் நீ எண்ணிப் பாரு. நான் எண்ண மாட்டேன்."

ஹார்லன் இடது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டார். நகரவில்லை.

டெல்மா அவரை விட்டுவிட்டு நேரே பாயருகே போனாள். ரோவீனா ஸ்பூனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தாள். டெல்மா விலகல் பாரத்தையும் பேனாவையும் அவள் மடியில் வைத்தாள்.

ரோவீனா படித்தாள்.

"இந்தப் பந்தயத்துக்குத்தானேம்மா நாலு வருஷமா..."

"தெரியும்."

"வேற வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு. அது உங்கப்பா வாயில இருக்கு. தலைவர் தன் வாயால கெடுதல்னு ரேடியோவுல சொன்னா, அத்தை கேட்டுட்டு மூட்டையத் திறப்பா. நான் கேட்டுப் பாத்துட்டேன்." டெல்மா பேனாவை அவள் கைப்பக்கம் நகர்த்தினாள். "நான் ஆணியில போட்டிருக்கணும்டி. ஒரு சாண் எலாஸ்டிக். பையில போட்டுக்கிட்டேன். அவன் சொன்னான்னு போட்டுக்கிட்டேன். நீயும் என்னை மாதிரி ஆகாத. போடு கையெழுத்த."

ரோவீனா பேனாவை எடுத்தாள். பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். அங்கே நிறுத்தினாள்.

எழுந்தாள். பாரம் ஒரு கையில், பேனா ஒரு கையில், மைக்கை நோக்கி நடந்தாள். மிஸ்டர் பிராட்வெல் மகிழ்ந்து வழிவிட்டார். பெண் இன்னொரு தடவை வாசகம் சொல்லப்போகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்பாகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்," என்றாள் ரோவீனா மைக்கில். அவள் குரல் இப்போது எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற குரல் இல்லை. "அப்பா, இங்க வாங்க."

எழுபது பேர் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வராமல் இருக்க முடியாது. ஹார்லன் நொண்டி நொண்டி வந்தார். மோதலுக்குப் பிறகு அவர் நொண்டுவதில் எப்போதும் கொஞ்சம் நடிப்பு இருக்கும், இன்று இல்லை.

"நான் இன்னும் ஒன்பது நாள்ல கிளம்பறேன். கடற்கரைத் தங்கல்ல மைனஸ் அம்பது வரும். உங்க மூட்டையில இருக்கற காலுறைய நம்பிப் போகலாமா? போகலாம்னா சொல்லுங்க, இந்தத் தாளைக் கிழிச்சுடறேன். உங்களத்தான் கேக்கறேன். மிஸ்டர் பிராட்வெல்ல இல்ல."

மைக்கை அவர் கையில் கொடுத்தாள்.

ஹார்லன் வாயைத் திறந்தார். பேசக் கிடைத்த எந்த மைக்கையும் இதுவரை வீணாக்காத மனிதர். கல்யாண வீட்டில் பேசுவார், சாவு வீட்டில் பேசுவார், தபாலாபீஸ் வரிசையில் பேசுவார். இப்போது ஒன்றும் வரவில்லை.

ஆற்றங்கரை நெடுக, மரவீடுகளில், வலைக் குடிசைகளில், ரேடியோ ஊமையானது. பாட்டரி போய்விட்டதென்று சிலர் அதைத் தட்டினார்கள். ஒருவர் கையில் எடுத்துக் குலுக்கினார்.

மிஸ்டர் பிராட்வெல்லின் சிரிப்பு அதே இடத்தில் நின்றது, உள்ளே இருந்த ஆள் போனபின்னும் எரிகிற விளக்கு மாதிரி. ரோவீனா பேனாவைப் பாரத்தின் மேல் வைத்துக் காத்திருந்தாள்.

கிடங்கில் பெர்னிஸ் மட்டும் தனியாக நின்றாள். பைலட் வெளியே எஞ்சினைக் கிளப்பிவிட்டான். கூரைத் தகடு அதிர்ந்தது. ஏற்றுகிறவர்கள் இருபதாம் எண் மூட்டைகளைத் தூக்கிப்போய்விட்டார்கள். இருபத்தொன்றுக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவள் ரேடியோவின் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் கேட்டது.

சீல் கம்பியை வெட்டுகிற குறடு மேஜையில் இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

"பெர்னிஸ்," என்றது ரேடியோ.

பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர். பெருத்த குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"பெர்னிஸ், கேக்கறியா?"

பதில் அங்கே போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், குறடை மூட்டையின் கம்பியில் பொருத்திக்கொண்டு, ரேடியோவைப் பார்த்துச் சொன்னாள்:

"கேக்கறேன். சொல்லித் தொலை."